தலையும் வாலுமற்ற வளையம்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வோரை வயல்வெளிகளே முதலில் எதிர்கொள்கின்றன. அவ்வெளிகளினிடையே அமைந்த ஊர் சவளக்கடை. மாரி வெள்ளம் தாம்போதியை மூடிய நாட்களில் ஊருக்கும் பட்டினத்துக்குமிடையிலான நேர்வழி அறுந்துபோனதுண்டு. நெல் வேளாண்மையும் மாடுவளர்ப்பும் இப்புலத்தின் பழைய சீவனோபாயங்கள். எருமைப்பால் காய்ச்சப்பட்டு, மண்சட்டியிற் பரவி, உறையிடப்பட்டுத் தயிராகிறது. கிழக்கே சிறிது தொலைவிற் கடல். அங்கே மீன் உப்பேறி வெயிலிற் கருவாடாகிறது. வீடுகளிற் கோப்பிக்கொட்டை கறுக்க வறுபடுகிறது. இவை மூன்றும் மூன்று தொழில்களாகத் தோன்றினும், இரசாயனவியலாளனின் கண்ணுக்கு ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. நுண்ணுயிராலோ நொதியத்தாலோ வெப்பத்தாலோ பெரிய புரத மூலக்கூறு சிறு துண்டுகளாக உடைகின்றது. அத்துண்டுகளுட் சிறியனவான சில, ஏற்ற சூழல் வாய்த்தால், தம் இரு முனைகளையும் தாமே பற்றிக்கொண்டு வளையமாகிவிடுகின்றன. வட்ட இருபெப்தைட்டுக்கள் என்பன இவையே.

பெயர் கடுமையானது, பொருள் எளியது. ஒவ்வோர் அமினோவமிலத்துக்கும் இரு கைகள் உண்டெனக் கொள்ளலாம்: ஒன்று அமினோக் கூட்டம், மற்றையது காபொட்சிற் கூட்டம். ஒன்றின் வலக்கையும் அடுத்ததன் இடக்கையும் கோத்துக்கொள்ளும்போது ஒரு நீர் மூலக்கூறு நீங்கிப் பெப்தைட்டுப் பிணைப்பு உண்டாகிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கானோர் கைகோத்து நிற்கும் நெடுவரிசையே புரதம். இருவர் மட்டும் நின்றால் அது இருபெப்தைட்டு. அப்பொழுது ஆளுக்கொரு கை வெறுங்கையாக எஞ்சும். அவ்வெறுங்கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் நான்கு காபன் அணுக்களும் இரு நைதரசன் அணுக்களுமாக ஆறு அணுக்கள் கொண்ட வளையம் மூடுகிறது. இருகீற்றோபிப்பெரசீன் என்று நூல்கள் கூறுவது இதனையே. இனி இதற்குத் தலையுமில்லை, வாலுமில்லை. சங்கிலியின் முனையைப் பற்றி ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றும் சமிபாட்டு நொதியங்களுக்கு இவ்வளையத்திற் பற்றுதற்கு இடமில்லை. சிறியதாயிருந்தும் இது எளிதில் அழியாமைக்குக் காரணம் இதுவே.

இவ்வளையம் ஆய்வுகூடத்துக்குள் வந்த வரலாறு புரத இரசாயனத்தின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. 1888இல் செருமனியிற் கூர்ற்றியசும் கேபலும் கிளைசீனிலிருந்து இவ்வகையில் மிக எளியதான கிளைசீன் நீரிலியை ஆக்கினர். 1901இல் எமில் பிசரும் பூர்னோவும் அதனை அமிலத்தால் அரைகுறையாக நீர்ப்பகுத்து, வளையத்தின் ஒரு பிணைப்பை மட்டும் திறந்து, கிளைசில்கிளைசீன் என்னும் இருபெப்தைட்டைப் பெற்றனர். புரதத்தைக் கையாற் கட்டியெழுப்பலாம் என்ற பிசரின் பெருங்கனவுக்கு முதற்படி, மூடிய வளையமொன்றைத் திறந்ததுதான். இவ்விடத்திற் சற்று நின்று எண்ணத் தோன்றுகிறது. சங்கிலி செய்வதற்கு வளையத்திலிருந்து தொடங்கிய அறிவியல், பின்னர் நெடுங்காலம் அவ்வளையத்தைச் சங்கிலியின் பகையாகவே கண்டது.

அதற்குமுன் ஒரு மயக்கமும் நேர்ந்தது. 1920களில் அப்டர்கால்டன் முதலியோர் புரதமே இவ்வளையங்களின் தொகுதியாயிருக்கலாம் என வாதித்தனர். புரதத்தைச் சிதைத்துப் பார்த்தபோது வளையங்கள் கிடைத்தமை அவர்களுக்குச் சான்றாகத் தோன்றிற்று. சிதைக்கும் செயலே அவ்வளையங்களை ஆக்கியிருக்கலாம் என்னும் ஐயத்துக்கு அவ்வாதம் போதிய இடம் கொடுக்கவில்லை. புரதம் நெடுஞ்சங்கிலி என்பது நிலைநாட்டப்பட்டதும் கொள்கை மறைந்தது. ஆனால் அந்த வகைத் தடுமாற்றம் மறையவில்லை.

கொள்கையாகத் தோற்ற வளையம் பளிங்காக வென்றது. 1938இல் அமெரிக்காவின் கலிபோணியாத் தொழினுட்ப நிறுவகத்தில் றொபேட் கோறி கிளைசீன் நீரிலியின் பளிங்கை ஊடுகதிர்களால் ஆராய்ந்தார். அதன் அணுக்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைந்திருந்தன. காபனுக்கும் நைதரசனுக்குமிடையிலான பிணைப்பு, வழக்கமான ஒற்றைப் பிணைப்பிலும் குறுகியதாயிருந்தது. பெப்தைட்டுப் பிணைப்பு முறுக்கமுடியாத தட்டையான பலகை போன்றது என்னும் உண்மைக்கு இத்தகைய சிறு பளிங்குகளே அடித்தளமிட்டன. அவ்வடித்தளத்தின் மீதுதான் 1951இல் போலிங்கும் கோறியும் பிரான்சனும் அல்பாச் சுருளைக் கட்டினர்.

இக்கதை சென்னைக்கும் வருகிறது. 1922இல் எர்ணாகுளத்திற் பிறந்த கோ. நா. இராமச்சந்திரன் 1952இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியப் பொறுப்பை ஏற்றார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்த கொலாசன் என்னும் புரதத்தை அவர் எடுத்துக்கொண்டார். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவகம் அருகிலிருந்தமை அதற்கு வாய்ப்பாயிற்று. 1954இற் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாசன் மூன்றிழை முறுக்காலானது என அவர் வெளியிட்டார். 1963இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வரைந்த படம், பெப்தைட்டுச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் வளையக்கூடும், எவ்வெவற்றில் வளையமுடியாது என்பதைக் காட்டிற்று. உலகெங்கும் உயிரிரசாயன மாணவர் முதலாண்டிலேயே பயில்வது அப்படம்.

அதில் ஒரு நுட்பம் உண்டு. பெப்தைட்டுப் பலகையின் இரு பக்கத்துக் காபன்களும் எதிரெதிர்ப் புறங்களில் நின்றால் அது திரான்சு அமைப்பு. ஒரே புறத்தில் நின்றால் சிசு. புரதங்களிற் பிணைப்புகள் ஏறக்குறைய யாவும் திரான்சு. வட்ட இருபெப்தைட்டிலோ இரண்டும் சிசுவாகவே இருத்தல் வேண்டும். இன்றேல் ஆறணு வளையம் மூடாது. பெருஞ்சங்கிலியில் அரிய விதிவிலக்காக இருப்பது, இச்சிறு வளையத்திற் பொதுவிதி. 1968இல் இராமச்சந்திரனும் வெங்கடாசலமும் சிசுப் பெப்தைட்டு அலகின் நியம அளவுகளை வகுத்தபோது, பெரும்பான்மையோர் புறக்கணித்த அந்த விதிவிலக்குக்கும் அளவுகோல் கிடைத்தது. புரோலீன் என்னும் அமினோவமிலத்தின் பக்கக்கிளை தன் நைதரசனையே பற்றி வளைந்திருப்பதால், அது சிசு அமைப்பை மற்றவற்றிலும் எளிதாக ஏற்கிறது. எனவே புரோலீன் அடங்கிய இருபெப்தைட்டுக்கள் விரைந்து வளையமாகும். கொலாசனிற் புரோலீன் மிகுதி. பழைய ஓவியங்களின் வண்ணத்திற் கலந்திருப்பது விலங்குப் பசையா என்று அறிய விரும்புவோர் ஒரு துகளைச் சுட்டு, வரும் ஆவியிற் புரோலீன் வளையங்களைத் தேடுகின்றனர். சென்னையில் முறுக்கவிழ்ந்த இழையின் சுவடு ஐரோப்பிய ஓவியத்தின் புகையிற் கிடைப்பது வேடிக்கைதான்.

பெப்தைட்டுக்களைத் தொகுப்போருக்கு இது வேடிக்கையாயிருக்கவில்லை. 1963இல் மெறிபீல்ட் வகுத்த திண்மநிலைத் தொகுப்பு முறையிற் சங்கிலியின் ஒரு முனை குங்கிலியத் துணிக்கையிற் கட்டப்பட்டு, ஒவ்வோர் அமினோவமிலமாகச் சேர்க்கப்படும். இரண்டாவது சேர்ந்தவுடன் அவ்விரண்டும் தம்முள் வளையமாகிக் குங்கிலியத்தை விட்டுக் கழன்றோடிவிடுவதுண்டு. புரோலீன் இருந்தால் இழப்பு மிகுதி. கிசினும் மெறிபீல்டும் 1972இல் இத்தாக்கத்தை விரித்து ஆராய்ந்தனர். தொகுப்பு வினையாளருக்கு வட்ட இருபெப்தைட்டு வடிதாளோடு எறியவேண்டிய கழிவு.

அக்கழிவை நுண்ணுயிர்கள் எறியவில்லை, ஆயுதமாக்கிக்கொண்டன. மண்ணில் வாழும் றைசொக்ரோனியா என்னும் பங்கசு நாற்றுக்களை அழுகச் செய்வது. நெற்பயிரின் இலைமடலை வெளிறச் செய்யும் நோய்க்கும் காரணமானது. அதனை வேறொரு பங்கசு கொல்வதைக் கண்ட வைன்ட்லிங், கொல்லும் பொருளை 1936இல் எமேர்சனுடன் சேர்ந்து பளிங்காகப் பிரித்தார். கிளையோதொட்சின் என்ற அப்பொருளின் நடுவே இருப்பது நமது வளையமே. அதன் குறுக்கே இரு கந்தக அணுக்கள் பாலமிட்டுள்ளன. அப்பாலமே நஞ்சு. பங்கசுக்கு மட்டுமன்றி விலங்கின் கலங்களுக்கும் அது கொடியதாதலால் மருந்தாக நிலைக்கவில்லை. நியூசிலாந்தின் மேய்ச்சற் புல்லில் வளரும் பங்கசொன்று ஆக்கும் சுபோரிதெசுமினும் இக்குடும்பத்தது. அது செம்மறிகளின் ஈரலைப் பழுதாக்க, வெயில் பட்ட முகத்தோல் வெந்து புண்ணாகிறது. உழவர் நாகச் சேர்வைகளைக் கொடுத்து மந்தையைக் காக்கின்றனர்.

காசநோய்ப் பற்றீரியமும் இவ்வளையத்தை நாடுகிறது. வட்ட இருபெப்தைட்டுக்களைக் கட்டுவதற்கெனவே தனியானதொரு நொதியக் குலம் உண்டென்பது 2002இல், அல்பொனூர்சின் என்ற பொருளை ஆக்கும் இசுத்திரெத்தோமைசிசு இனமொன்றிற் புலனாயிற்று. புரதம் கட்டுவதற்காக ஆர்.என்.ஏ. சுமந்துவரும் அமினோவமிலங்களை இடைமறித்து எடுத்து வளையமாக்குவது அந்நொதியத்தின் தந்திரம். காசநோய்ப் பற்றீரியத்தில் அத்தகைய நொதியமொன்று இரு தைரோசீன்களை வளையமாக்குகிறது. மற்றொரு நொதியம் அவ்வளையத்தின் இரு கிளைகளையும் குறுக்கே பிணைக்கிறது. இவ்விரண்டாம் நொதியம் இல்லையேற் பற்றீரியம் உயிர்வாழாது என்பது 2008இல் அறியப்பட்டது. ஆகவே அதனை முடக்கும் மருந்தைத் தேடுவது வீண்முயற்சியன்று. மனிதன் தானே ஆக்கிய மருந்தொன்றிலும் இவ்வளையம் இடம்பெற்றுள்ளது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடலாபில், பின்னர் நுரையீரல் நாடிகளின் உயரழுத்தத்துக்கும் வழங்கப்படலாயிற்று.

கடலும் இவ்வளையத்தை அறியும். செமினாவிசு என்ற ஒருகல அல்காவின் ஒரு பால் மற்றதை அழைப்பதற்கு நீரில் விடும் கவர்பொருள் இரு புரோலீன்களாலான வளையமே என 2013இல் ஐரோப்பிய ஆய்வாளர் நிறுவினர். குளிர்கடற் பஞ்சுயிர் ஒன்று ஆக்கும் பரெற்றின் என்ற பொருள், தோணியின் அடியில் ஒட்டிக் கல்லாய் இறுகும் சிற்றோட்டுயிர்களின் குடம்பிகளை ஒட்டவிடாது தடுக்கிறது. கல்முனைக் கரையில் தோணியைக் கவிழ்த்து அடிப்புறத்தைச் சுரண்டியவர்களுக்கு இச்செய்தியின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

இனிச் சவளக்கடையிற் பிறந்து இரசாயனவியல் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளலாம். விடுமுறைக்கு வீடு செல்லும் அவனிடம் நீரிழிவு கண்ட தாய் கேட்கக்கூடிய முதற் கேள்வி நூலகத்திலிருந்து வராது. "மகன், சீனிக்குப் பதிலா இந்தக் குளிசையெக் கொதிக்கிற தேத்தண்ணிக்குள்ள போட்டா ஒண்டும் செய்யாதா?" என்றே அவள் கேட்பாள். கேள்வி எளிது, விடை வட்ட இருபெப்தைட்டின் இரசாயனத்துள் இருக்கிறது. பல குளிசைகளில் இருக்கும் அசுபாட்டேம் ஓர் இருபெப்தைட்டின் மெதைல் எசுத்தர். 1965இல் அமெரிக்க இரசாயனவியலாளர் யேம்சு சிலாற்றர் விரலை நக்கியபோது தற்செயலாக வெளிப்பட்டது அதன் இனிமை. எசுத்தர் முனை எளிதில் விட்டுக்கொடுப்பது; வெப்பத்திலும் நெடுநாட் சேமிப்பிலும் மூலக்கூறு தன்மேல் வளைந்து வளையமாகிவிடும். வளையத்துக்கு இனிப்பில்லை. நீண்டநேரம் கொதித்த தேநீர் சப்பென்றிருப்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

தீங்குண்டா? உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு, ஒருவர் நாளொன்றுக்கு ஏற்கக்கூடிய அளவாக, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் அசுபாட்டேம் 40 மில்லிகிராம், அதன் வளையம் 7.5 மில்லிகிராம் எனத் தனித்தனியே வகுத்துள்ளது. அறுபது கிலோகிராம் நிறையுள்ள தாய்க்கு வளையத்தின் எல்லை 450 மில்லிகிராம். குளிசையொன்றில் 20 மில்லிகிராம் அசுபாட்டேம் இருந்து, அது முழுவதும் வளையமாகிவிட்டதென்றே வைத்துக்கொண்டாலும், கிடைப்பது ஏறத்தாழ 18 மில்லிகிராம். இருபத்தைந்து குளிசைகள் சேர்ந்தாற்றான் எல்லையை அணுகும். எனவே "இறக்கி ஆறவிட்டுப் போடுங்க உம்மா, இனிப்புக் கெடாது" என்று மகன் சொல்வதே போதுமானது. பீனைலலனீனைச் சமாளிக்க இயலாத பிறவி நோயுள்ள குழந்தை வீட்டிலிருந்தால் மட்டும் கதை வேறு; அதற்குக் காரணம் வளையமன்று, பீனைலலனீனே.

அதே நீரிழிவைப் பற்றி இவ்வளையங்கள் பெரிய நம்பிக்கையையும் ஊட்டியுள்ளன. மூளையின் ஐப்போதலமசிற் சுரக்கும் தைரோத்திரோப்பின் விடுவிப்பு ஓமோன் மூன்று அமினோவமிலங்களாலானது. அதன் முதற் கண்ணி கழன்றதும் எஞ்சும் இசுத்திடீனும் புரோலீனும் தாமாகவே வளையமாகின்றன. 1970களில் இந்தியரான சந்தன் பிரசாதும் பீற்றர்கொவ்சுக்கியும் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தனர். வெறும் சிதைவெச்சம் என ஒதுக்கப்படக்கூடியிருந்த இப்பொருள், விலங்குகளில் உடல்வெப்பத்தையும் பசியையும் குறைப்பதாகப் பின்னர் காணப்பட்டது. நாகத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது நீரிழிவுற்ற எலிகளின் குருதிவெல்லம் குறைந்தது. மீன், இறால் போன்ற உணவுகளிலும் அது உண்டு. இவ்வளவையும் கேட்டவுடன் "கருவாடு நீரிழிவுக்கு மருந்து" எனத் துண்டுப்பிரசுரம் அச்சிட ஒருவர் கிளம்பிவிடக்கூடும். எலியிற் கண்டது மனிதரில் நிலைநாட்டப்பட்ட மருந்தாக இன்னும் ஆகவில்லை. கருவாட்டின் உப்போ குருதியழுத்தத்தை உயர்த்துமென்பது ஏற்கனவே நிலைநாட்டப்பட்டது. உயிரியல் உயிர்ப்பு என்ற சொல்லை இரசாயனவியலாளர் மிக மலிவாக வழங்குகின்றனர். கண்ணாடித் தட்டில் ஒரு பற்றீரியம் வளரத் தயங்கினாலும் உயிர்ப்பு. நோயாளி எழுந்து நடந்தாலும் உயிர்ப்பு.

மாணவன் அடுத்ததாக நாடுவது தயிர்ச் சட்டியையே என்பதில் ஐயமில்லை. மூடிவைத்த தயிரிற் பூஞ்சணம் உடனே படராமைக்குக் காரணம் என்ன? சுவீடனில் 2002இற் சுத்திரோமும் துணைவரும் புல் பதனத்திலிருந்து பிரித்த இலற்றோபசிலசு இனமொன்று பங்கசுக்களை அடக்குவதைக் கண்டு, அதன் வளர்ப்புத் திரவத்திலிருந்து பீனைலலனீனும் புரோலீனும் சேர்ந்த வளையத்தைப் பிரித்தெடுத்தனர். ஊரின் தயிரிலும் இலற்றிக்கமிலப் பற்றீரியங்கள் உண்டு. அப்படியானால் சவளக்கடைத் தயிரின் காவலனும் இவ்வளையந்தானே என்று பாய்ந்துவிட மனம் விரும்பும்.

அச்சுவீடிய ஆய்விலேயே ஓர் எண் உண்டு. பங்கசைத் தடுக்க அவ்வளையம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் தேவைப்பட்டது. அதாவது லீற்றருக்கு 20 கிராம். ஒரு லீற்றர் தயிரில் இரண்டு மேசைக்கரண்டி அளவான வளையம் இருந்தாலன்றி அதுமட்டும் தனித்துக் காவல் செய்யாது. அவ்வளவிருந்தால் தயிரை வாயில் வைக்கமுடியாத கசப்பு வந்துவிடும். வறுத்த கோப்பியினதும் கொக்கோவினதும் கசப்பில் இவ்வளையங்களுக்குப் பங்குண்டு. தயிரைக் காப்பது பெரும்பாலும் அதன் புளிப்பே, வளையம் துணைநிற்கலாம். பல பொருள்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்யும் வேலையை ஒன்றின் தலையில் ஏற்றிப் புகழ்வது ஆய்வுக்கட்டுரைத் தலைப்புக்கு வசதி, உண்மைக்கு வசதியன்று.

இதனினும் பெரிய இடர், அப்டர்கால்டனை மயக்கிய அதே இடர். நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊடகங்களிற் பெப்தோனும் மதுவச் சாறும் கலக்கப்படுகின்றன. இரண்டும் உடைந்த புரதங்கள். அவற்றை 121 பாகை வெப்பத்தில் அமுக்கக் கலத்திலிட்டுக் கிருமியழிக்கும்போதே இருபெப்தைட்டுக்கள் வளையமாகத் தொடங்குகின்றன. பின்னர் பற்றீரியத்தை வளர்த்து, வடித்து, பிரித்து, "இப்பற்றீரியம் இன்ன வளையத்தை ஆக்குகிறது" என்று எழுதினால், எழுதப்பட்டது ஊடகத்தின் சரிதமாக இருக்கக்கூடும். அமினோவமிலங்களின் இடவலத் தன்மை ஓரளவு துப்புத் தரும். உயிர் ஆக்குவது பெரும்பாலும் இரு பாதியும் இடவகையான வளையத்தை. வெப்பமோ ஒரு பாதியை வலவகையாகப் புரட்டிவிடுவதுண்டு. எனினும் அது துப்பேயன்றித் தீர்ப்பன்று. தீர்ப்புக்குத் தேவை உறையிடாத ஒரு குடுவை: அதே பால், அதே காய்ச்சல், அதே நேரம், அதே வடிப்பு; பற்றீரியம் மட்டும் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு வளையம் இருந்தால், தயிருக்குரிய புகழ் அடுப்புக்குப் போய்விடும்.

ஓர் ஆண்டு உழைப்பின் முடிவு அக்குடுவையில் தங்கியிருப்பதனாலேயே அது பலராலும் மறக்கப்படுகிறது. விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வுகூடத்திலும் அக்குடுவையை வைக்கலாம். அதற்கு வேண்டியது இன்னுமொரு கண்ணாடிக் கலமும் அதே பாலில் இன்னுமோர் அகப்பையுமே. சவளக்கடை மாணவன் பட்டியிலிருந்து பால் வந்த காலையில் இரு குடுவைகளையும் ஒன்றாக அடுப்பிலேற்றி, பால் ஆறிய பின் ஒன்றில் மட்டும் உறையிட்டு, மற்றதன்மேல் நாளும் நேரமும் குறித்து ஒட்டவேண்டும்.